விலாசத்தை அழிப்பவர்களுக்கு மட்டும் கதவடைப்பது எப்படி?

ஆச்சி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சில் இருக்கின்றன. முதலில் அதை அவிழ்த்துவிடுகிறேன்.

பள்ளத்தூர் வீட்டின் பெயரில் நீங்கள் நடத்தும் இணையதளத்தில் அப்பத்தாவின் பலகாரக் குறிப்புகள், ரங்கூனிலிருந்து ஐயா எழுதிய கடிதங்களின் படங்கள், பழைய சீர்ப் பட்டியல்கள், மொய் ஏடு ஒன்று ஆகியவை இருக்கின்றன. சில மாதங்களாகத் தளம் திறக்க நேரமாகிறது. சர்வரில் இடம் கொடுத்தவர்கள் கூடுதல் பணம் கட்டச் சொல்கிறார்கள். இதற்கிடையில் உங்கள் மகள் ஒரு ஏஐ செயலியிடம் கும்மாயம் செய்யும் முறையைக் கேட்க, அப்பத்தாவின் பக்குவம் கிட்டத்தட்ட உங்கள் சொற்களிலேயே, யார் பெயரும் இல்லாமல் வந்திருக்கிறது. ‘இப்படி அள்ளிப் போகும் ஏஐ நிரல்களை முழுதாகத் தடுக்க முடியுமா, தடுத்தால் கூகுளிலும் காணாமல் போய்விடுவோமா’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இணையப் பக்கங்களைத் தானாகத் திறந்து எடுத்துப் போகும் நிரலைக் கிராலர் என்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் கிராலரை உறுதியாகத் தடுக்கலாம். பெயரை மறைத்து வருவதைப் பெருமளவு குறைக்கலாம். ஏற்கெனவே எடுத்துப் போனதைத் திரும்ப வாங்க முடியாது. கூகுள் தேடலை இழக்காமலே இவ்வளவையும் செய்யலாம். அதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தளம் திணறுவது சுமைப் பிரச்சினை. பெயரில்லாமல் குறிப்பு வெளியே போனது உரிமைப் பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு. சுமையைக் கொடுப்பது யார் என்று ஊகிக்கத் தேவையில்லை. சர்வரின் அணுகல் பதிவிலேயே எழுதியிருக்கும். எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தை, என்ன பெயரில் கேட்டார்கள் என்று வரிக்கு வரி கிடைக்கும். சர்வர் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் என்ற பலகை உள்ள கணக்கு என்றால் ‘ரா அக்சஸ்’ என்ற இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு வாரத்துப் பதிவைப் பார்க்காமல் எதையும் தடுக்காதீர்கள். ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் தளம் இப்படித்தான் விழுந்து விழுந்து எழுந்தது. பார்த்தால், குற்றம் பாதி கிராலருடையது, பாதி தளத்தினுடையது. நிறம் 12, அளவு 5, பூ வேலைப்பாடு 40 என்று வடிகட்டிப் பார்க்கும் வசதியை வைத்திருந்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: 2,400 முகவரிகள். மனிதர் யாரும் அத்தனையையும் திறக்கமாட்டார். கிராலர் ஒன்றுவிடாமல் திறக்கும், மறுவாரம் மீண்டும் வந்து திறக்கும். அந்த வடிகட்டி முகவரிகளை மட்டும் மூடியதும் தளம் மூச்சுவிட்டது. உங்கள் தளத்தில் கடிதங்களை ஆண்டு, ஊர், எழுதியவர் என்று மாற்றி மாற்றி அடுக்கும் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, முதலில் அங்கே பாருங்கள். ஒவ்வொரு கடிதமும் முழு அளவுப் படமாகவே திறக்கிறது என்பதையும் கவனித்தேன். பட்டியலில் சிறிய படத்தை வையுங்கள். அழுத்தினால் மட்டும் பெரியது வரட்டும்.

உரிமைப் பிரச்சினைதான் எனக்கு நெஞ்சில் நிற்பது. நம் வீடுகளில் சீராக வந்த அண்டா, குண்டானில் விலாசம் வெட்டியிருப்பார்கள். எந்த வீட்டுப் பொருள் என்று அந்த எழுத்துகள் சொல்லும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் போனால் அந்த விலாசத்தோடு பாத்திரங்கள் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். விற்றுப் போனாலும் எழுத்து நிற்கிறது. தேடுகிறவர் யாருடையது என்று கண்டுபிடிக்கலாம். அதே பாத்திரத்தை உருக்கிவிட்டால் பித்தளை இருக்கும், விலாசம் இருக்காது. ஏஐ கிராலர்களை நான் பிரித்துப் பார்ப்பது இந்த அளவுகோலில்தான். நம் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்து ஆளை நம்மிடம் அனுப்பும் கிராலர் விலாசத்தைக் காக்கிறது. ஏஐ மாதிரிகளைப் பழக்கும் பயிற்சிக்காக அள்ளிப் போகும் கிராலர் உருக்குகிறது. முதலாவதைத் தடுக்க வேண்டாம், இரண்டாவதைத் தடுங்கள் என்பதே என் யோசனை.

இப்படிப் பிரிக்க முடிவது, பெரிய நிறுவனங்கள் தங்கள் கிராலர்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருப்பதால்தான். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்துக்கு முக்கியமாக மூன்று பெயர்கள். 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜிபிடிபாட் பயிற்சிக்கானது. ஓஏஐ-சர்ச்பாட் தேடல் பட்டியலுக்கானது. யாரோ ஒருவர் கேள்வி கேட்ட அந்த நொடியில் பக்கத்தைத் திறந்து பார்க்க வருவது சாட்ஜிபிடி-யூசர். கிளாட் என்ற ஏஐயை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனமும் இப்படியே கிளாட்பாட், கிளாட்-சர்ச்பாட், கிளாட்-யூசர் என்று பிரித்திருக்கிறது. ஏஐ தேடல் சேவையான பெர்ப்ளெக்சிட்டியிடம் பெர்ப்ளெக்சிட்டிபாட் தேடலுக்கு, பெர்ப்ளெக்சிட்டி-யூசர் கேள்விக்கு. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் பயிற்சிக் கிராலர் மெட்டா-எக்ஸ்டர்னல்ஏஜென்ட். இதையும் ஃபேஸ்புக்எக்ஸ்டர்னல்ஹிட் என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னது, யாராவது உங்கள் சுட்டியை ஃபேஸ்புக்கில் பகிரும்போது படமும் தலைப்பும் எடுத்துக் காட்ட வருவது. அதைத் தடுத்தால் பகிர்ந்த சுட்டி மொட்டையாக நிற்கும்.

சிசிபாட் என்ற பெயரைத் தவறவிடாதீர்கள். 2007இல் தொடங்கப்பட்ட காமன் கிரால் என்ற லாபநோக்கற்ற அமைப்பினுடையது அது. இணையத்தை அள்ளி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கிறது. பல மொழி மாதிரிகள் அந்தக் குவியலிலிருந்துதான் பயிற்சி பெற்றன. ஒரு நிறுவனத்தின் கிராலரை நீங்கள் தடுத்தாலும், உங்கள் பக்கம் இந்தக் குவியல் வழியாக அதே நிறுவனத்தை அடையலாம்.

மகளுக்கு வந்த கும்மாயப் பதில் எந்த வழியில் வந்தது என்று வெளியிலிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பயிற்சியில் கரைந்து வந்திருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து படித்துச் சொல்லியிருக்கலாம். பின்னது என்றால் அணுகல் பதிவில் அதே நிமிடத்தில் யூசர் என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். மகள் கேட்ட நாளும் நேரமும் நினைவிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வர் நேரம் இந்திய நேரமாக இல்லாமல் இருக்கலாம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இனி ரோபாட்ஸ் டெக்ஸ்ட் கோப்பு. கிராலர்கள் தளத்தில் எங்கே போகக் கூடாது என்று சொல்ல 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் முன்வைத்த எளிய ஏற்பாடு இது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே இருந்து, 2022 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 9309 என்று முறையான தர ஆவணமானது. தளத்தின் வேரில், அதாவது முதன்மைக் கோப்புறையில், robots.txt என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் பெயரிட்டு வைக்க வேண்டிய சாதாரண உரைக் கோப்பு. ஒவ்வொரு தொகுதியிலும் ‘யூசர்-ஏஜென்ட்’ என்ற வரியில் கிராலரின் பெயர், அடுத்து ‘டிஸ்அலவ்’ என்ற வரியில் அது போகக் கூடாத பாதை. பாதைக்கு வெறும் சாய்கோடு ஒன்றை இட்டால் முழுத் தளமும் அதற்கு மூடியது என்று பொருள். ஒரே விதிக்குப் பல பெயர்களை அடுத்தடுத்து எழுதி, கடைசியில் ஒரு டிஸ்அலவ் வரி போட்டால் போதும். இவை அனைத்தையும் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பெயர்களை அந்தந்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அந்த விதி யாரையும் தடுக்காது.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி இட்டால் ‘மற்ற எல்லோரும்’ என்று பொருள். இங்கேதான் பெரிய இழப்புகள் நேர்கின்றன. கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்தும் ஒரு குடும்பத்துக்கு நான் கோப்பு எழுதிக் கொடுத்தபோது, சோதனைக்காக நட்சத்திரத்தின் கீழ் இட்ட சாய்கோட்டை எடுக்காமல் விட்டுவிட்டேன். மார்கழி, தை மாதங்களில்தான் அவர்களுக்கு வெளிநாட்டு விருந்தினர் வருவார்கள். அந்த நேரத்தில் கூகுளில் அவர்கள் பெயர் வந்தது, கீழே விவரம் எதுவும் வரவில்லை. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகும் பழைய நிலைக்கு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நட்சத்திர வரியை மாற்றும் எந்தக் கோப்பையும் இரண்டு பேர் படிக்காமல் நான் ஏற்றுவதில்லை. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் ‘தேடுபொறிகள் அட்டவணையிட வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். ஏஐயைத் தடுப்பதாக எண்ணி அதைத் தேர்ந்துவிடாதீர்கள். அது உங்களைக் கூகுளிலிருந்தே எடுத்துவிடும்.

பலர் அறியாத இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு கிராலருக்கென்று தனித் தொகுதி எழுதினால், அது நட்சத்திரத் தொகுதியைப் படிக்காது. எல்லோருக்கும் கடிதப் பகுதியை மூடிவிட்டு, ஜிபிடிபாட்டுக்குத் தனியாகப் படப் பகுதியை மட்டும் மூடி எழுதினால், ஜிபிடிபாட்டுக்குக் கடிதப் பகுதி திறந்துகொள்கிறது. அந்தத் தொகுதியில் கடிதப் பகுதியையும் மறுபடி எழுத வேண்டும். துணைத் தளங்களுக்கும் இதே கவனம் வேண்டும். உங்கள் கடிதப் படங்கள் தனித் துணைத் தளத்திலிருந்து வருகின்றன. முதன்மைத் தளத்தின் கோப்பு அங்கே செல்லாது. அங்கும் ஒன்று வைக்க வேண்டும்.

கூகுளுக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரை அறிவித்தார்கள். அது தனிக் கிராலர் அன்று. அணுகல் பதிவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. பக்கத்தை எடுப்பது கூகுளின் வழக்கமான கிராலரான கூகுள்பாட்தான். எடுத்ததை ஜெமினி என்ற கூகுளின் ஏஐ மாதிரிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்பதற்கான அனுமதிச் சொல்தான் இது. இதை மூடினால் தேடலில் உங்கள் இடம் பாதிக்கப்படாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள்பாட்-எக்ஸ்டெண்டட் என்பதும் இதே போன்றது. இரண்டையும் தயங்காமல் மூடுங்கள்.

முன்பு சொன்ன சிக்கல் இங்கேதான். தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுள் காட்டும் ஏஐ சுருக்கம், கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. தேடலின் ஒரு பகுதியாக அது கருதப்படுகிறது. அதிலிருந்து விலக வேண்டுமானால் பக்கத்தில் ‘நோஸ்னிப்பெட்’ என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சாதாரணத் தேடலில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரி விவரமும் போய்விடும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்ற நிலை. சிறு தளங்களின் கையைக் கட்டிவிட்டுப் பேரம் பேசுவதாகவே இதைப் பார்க்கிறேன். ஒரு வழி இருக்கிறது. பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் விலக்கும் ‘டேட்டா-நோஸ்னிப்பெட்’ என்ற குறியைச் செய்முறைப் பகுதிக்கு மட்டும் இடுங்கள். அப்பத்தாவைப் பற்றிய முன்னுரை தேடலில் வரட்டும். அளவும் பக்குவமும் உங்கள் பக்கத்துக்கு வந்து படிப்பவருக்கு.

ரோபாட்ஸ் கோப்பு பூட்டு அன்று. இந்த விதிகள் அணுகலுக்கான அங்கீகாரம் ஆகமாட்டா என்று அந்தத் தர ஆவணமே சொல்கிறது. மதிக்கும் கிராலர் மதிக்கும். மதிக்காததை அது தடுக்காது. கேள்விக்காகப் பக்கத்தைத் திறக்கும் வகைக் கிராலர்களைப் பொறுத்தவரை, கேட்டவர் ஒரு மனிதர் என்பதால் இந்த விதி பொருந்தாமல் போகலாம் என்று சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. அதைவிட முக்கியம், அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். மொய் ஏட்டின் பாதையை அதில் எழுதி மூடினால், ‘மொய் ஏடு இங்கே இருக்கிறது’ என்று நீங்களே எழுதி ஒட்டியதாக ஆகும்.

ஆச்சி, அந்த மொய் ஏட்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அதில் இன்னும் நம்மோடு இருப்பவர்களின் பெயரும் தொகையும் இருக்கின்றன. குடும்ப மரப் பக்கத்தில் தொலைபேசி எண்களே இருக்கின்றன. இவை கிராலரிடமிருந்து தடுக்க வேண்டியவை என்பதைவிட, பொதுவில் இருக்கவே கூடாதவை. முகப்புத் திண்ணைக்கு யாரும் வரலாம். இரண்டாம் கட்டுக்கு அழைக்கப்பட்டவர்தான் வருவார். சிபேனலில் ஒரு கோப்புறைக்குக் கடவுச்சொல் இடும் வசதி இருக்கிறது. இன்றே செய்துவிட்டு, பங்காளிகளுக்கு மட்டும் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள். கடவுச்சொல்லுக்குப் பின்னால் எந்தக் கிராலரும் வர முடியாது.

உண்மையான தடுப்பு சர்வரில்தான் நடக்கும். அப்பாச்சி என்ற மென்பொருளில் ஓடும் சர்வர் என்றால் எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில், இன்ன பெயரோடு வருபவர்க்கு 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்று விடை கொடு என எழுதலாம். ரோபாட்ஸ் கோப்பைக் கேட்டால் மட்டும் கொடுத்துவிட வேண்டும். அதற்கும் 403 கொடுத்தால், அப்படியொரு கோப்பே இல்லை, எல்லாம் திறந்தே இருக்கிறது என்று கிராலர் எடுத்துக்கொள்ள அந்தத் தர ஆவணம் இடம் தருகிறது. பிளாக்ஸ்பாட்டில் எழுதுபவர்களுக்கு இந்தச் சர்வர் வழி கிடையாது. ரோபாட்ஸ் விதிகளை மட்டும் அமைப்புகளில் தாங்களே எழுதிக்கொள்ளலாம். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, தளத்துக்கும் வருபவருக்கும் நடுவில் நின்று வடிகட்டும் சேவையான கிளவுட்ஃபிளேர். ஏஐ கிராலர்களை ஒரே பொத்தானில் தடுக்கும் வசதியை 2024 ஜூலையில் இலவசக் கணக்குகளுக்கும் தந்தார்கள். தளப் பெயரைக் கேட்டு வருபவருக்கு வழிகாட்டும் நேம்சர்வரை அவர்களிடம் மாற்ற வேண்டும். அரை நாள் வேலை. பொத்தானை அழுத்திய பிறகு பட்டியலைப் பார்த்து, தேடலுக்கான கிராலர்களை நீங்களே திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விலாசத்தைக் காப்பதும் சேர்ந்தே வெளியில் நிற்கும்.

பெயரை வைத்துத் தடுப்பதில் ஓட்டை ஒன்று உண்டு: யாரும் எந்தப் பெயரையும் சொல்லிக்கொண்டு வரலாம். கூகுள்பாட் என்று சொல்லி வருவது உண்மையில் கூகுளா என்று பார்க்க, வந்த ஐபி எண்ணுக்குரிய (இணைய முகவரி எண்ணுக்குரிய) பெயரைத் தலைகீழ் டிஎன்எஸ் என்ற தேடல் மூலம் எடுத்து, அந்தப் பெயர் மறுபடி அதே எண்ணுக்கு வருகிறதா என்று சரிபார்க்கலாம். ஓபன்ஏஐ தன் எண் வரிசைகளை வெளியிட்டிருக்கிறது. சாதாரண உலாவியின் பெயரில், வீட்டு இணைப்புகளின் எண்களிலிருந்து சிதறி வருபவற்றைப் பிடிப்பது கடினம். அங்கே வேக வரம்பு வைக்கலாம். ஓர் எண்ணிலிருந்து நிமிடத்துக்கு இத்தனைக்கு மேல் கேட்டால் 429, அதாவது ‘அளவு மீறிவிட்டது’ என்று நிறுத்தலாம். அனுபிஸ் போன்ற கருவிகள், வருகிற ஒவ்வொருவரின் உலாவியையும் ஒரு கணக்குப் போடவைத்துத்தான் உள்ளே விடும். அவை நன்றாக வேலை செய்கின்றன. உங்கள் தளத்துக்கு மட்டும் வேண்டாம் என்பேன். உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் பழைய கைபேசியில் படிக்கும் பெரியவர்கள். அந்தக் கணக்கு அவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

‘எல்லாவற்றையும் மூடிவிடு’ என்று கோபத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகங்களின் கிராலரை மூடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்ததால்தான் இன்று ஆய்வாளர் கையில் இருக்கின்றன. அங்கே நுண்படம் எடுத்தார்கள், பிரதி எடுத்தார்கள், இன்னாருடைய சேகரிப்பு என்ற பெயரையும் நிறுத்தினார்கள். நாளைக்கு உங்கள் கணக்கின் பணம் கட்ட ஆளில்லாமல் தளம் அணைந்தால், ஐயாவின் ரங்கூன் கடிதங்கள் எங்கே இருக்கும்? முகவரியோடும் தேதியோடும் பிரதி வைப்பவருக்குக் கதவு திறந்தே இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. செய்தி நிறுவனமான ஏஎன்ஐ 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடுத்திருக்கிறது. அத்தகைய வழக்குகளின் முடிவுக்காகக் காத்திராமல், பயிற்சிக்கு அனுமதி இல்லை என்று உங்கள் தளத்தில் தெளிவாக எழுதி வையுங்கள். எழுதியதால் மட்டும் யாரும் நிற்கப்போவதில்லை. மறுப்புத் தெரிவித்திருந்தீர்கள் என்பதற்குச் சான்றாக இருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது. இன்று மொய் ஏட்டுக்கும் குடும்ப மரத்துக்கும் கடவுச்சொல். நாளை, அடுக்கு மாற்றும் பக்கங்களை எல்லோருக்கும் மூடி, ஜிபிடிபாட், கிளாட்பாட், சிசிபாட், மெட்டா-எக்ஸ்டர்னல்ஏஜென்ட், கூகுள்-எக்ஸ்டெண்டட், ஆப்பிள்பாட்-எக்ஸ்டெண்டட் ஆகியவற்றுக்கு முழுத் தளத்தையும் மூடி ரோபாட்ஸ் கோப்பு, இரண்டு தளங்களிலும். கோப்பின் பழைய நகலைக் கிராலர்கள் ஒரு நாளுக்கு மேல் வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தத் தர ஆவணத்தின் பரிந்துரை. ஆகவே இரண்டு நாள் கழித்து அணுகல் பதிவைத் திறந்து, மூடிய பெயர்கள் ரோபாட்ஸ் கோப்பை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பாமல் உள்ளே வருவது எதுவோ, அதன் பெயரையும் ஐபி எண்ணையும் எனக்கு எழுதுங்கள். அதற்கான சர்வர் விதியை நான் எழுதி அனுப்புகிறேன். ஏற்றும் முன் மகளும் ஒருமுறை படிக்கட்டும்.